தாட்சண்யம் அறியாத சீட்டு

1930ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்கங்களையும் இரும்பு உலைகளையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற 67 பள்ளிக்கூடங்களில், நாள் தவறாமல் பால் வழங்கத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு நாளொன்றுக்கு முக்கால் பைண்ட், அதாவது நம் கணக்கில் 400 மில்லிக்குச் சற்று மேல். 5 வயது முதல் 12 வயது வரையிலான 20,000 பிள்ளைகளில் 5,000 பேருக்குக் கறந்தபடியே பச்சைப்பால். 5,000 பேருக்குப் பாஸ்டர் முறைப்படி சூடுகாட்டி ஆற்றிய பால். எஞ்சிய 10,000 பேருக்கு ஒன்றுமில்லை, அவர்கள் தொடக்கத்தில் ஒரு முறையும் ஜூன் மாதத்தில் ஒரு முறையும் தராசில் ஏறி இறங்கினால் போதும். பால் குடித்த பிள்ளை குடிக்காத பிள்ளையைவிட எவ்வளவு வளர்கிறது, காய்ச்சாத பாலுக்கும் காய்ச்சிய பாலுக்கும் பேதம் உண்டா என்று கண்டறிவதே நோக்கம். ஏறத்தாழ 7,500 பவுன் செலவாயிற்று. அந்நாளில் அது சிறிய தொகையன்று. 20,000 பிள்ளைகளை நான்கு மாதம் இப்படிக் கண்காணித்த ஓர் ஆராய்ச்சி தவறான விடையைத் தரக்கூடும் என்று எவருக்குத்தான் தோன்றும்?

ஆயினும் கோணல் முதல் நாளிலேயே புகுந்துவிட்டது. அது புகுந்த வாசல் ஆசிரியர்களுடைய நல்ல மனம். யார் யாருக்குப் பால் என்பதைச் சில பள்ளிகளில் சீட்டுப் போட்டும், சில பள்ளிகளில் பெயர்களின் அகரவரிசைப்படியும் தீர்மானித்தார்கள். அதுவரையில் குற்றமில்லை. ஆனால் அப்படிப் பிரித்த பிறகு, ஒரு பக்கத்தில் கொழுத்த பிள்ளைகளோ மெலிந்த பிள்ளைகளோ மிகுந்து காணப்பட்டால், சிலரை மாற்றி இரு பக்கத்தையும் சமன்செய்து கொள்ளலாம் என்று ஓர் அனுமதியும் கூடவே தரப்பட்டது. சமநிலைக்காகத் தந்த அனுமதி அது. ஆனால் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். கன்னம் ஒட்டி, முழங்கால் எலும்பு துருத்தி நிற்கும் சுரங்கத் தொழிலாளியின் மகன் பாலில்லாத வரிசையில் இருக்கிறான்; செக்கச்செவேலென்று இருக்கும் கடைக்காரர் மகன் பால் வரிசையில் இருக்கிறான். எழுதுகோல் அவர் கையில் இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்ற உத்தரவும் இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றாமல் விடுவதற்குக் கல்நெஞ்சம் அன்றோ வேண்டும்?

மாற்றினார்கள் என்பதற்குச் சாட்சி எண்களே. பால் பெறாத பிள்ளைகள் தொடக்க நாளிலேயே பால் பெறப்போகும் பிள்ளைகளைவிட எடையில் ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தார்கள். தனித்தனியே பார்த்தால் எந்த ஆசிரியரும் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். எல்லாருடைய இரக்கமும் ஒரே திசையில் சாய்ந்ததால், 67 பள்ளிகளின் சிறுசிறு தாட்சண்யங்கள் ஒன்றுசேர்ந்து 20,000 பேர் கொண்ட தராசின் முள்ளையே சாய்த்துவிட்டன.

இதோடு போயிற்றா என்றால், இல்லை. பிள்ளைகளைக் காலணி கழற்றி, உடுத்த உடையோடு நிறுத்தார்கள். பிப்ரவரியில் அங்கே கடுங்குளிர். ஜூனில் வெயில் காலம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முதல் நிறுவையில் கனத்த கம்பளி உடையோடும், இரண்டாம் நிறுவையில் மெல்லிய உடையோடும் தராசில் ஏறியது. ஏழைப் பிள்ளைக்கோ குளிருக்கும் வெயிலுக்கும் இருந்தது பெரும்பாலும் ஒரே உடை. ஆக, வசதியுள்ள பிள்ளையின் வளர்ச்சியிலிருந்து கம்பளியின் பாரம் கழிந்துபோயிற்று. ஏழைப் பிள்ளையின் கணக்கில் அப்படிக் கழிய ஒன்றுமில்லை. ஏழைப் பிள்ளைகள் பால் பக்கம் மிகுந்திருந்தபடியால், கழற்றி வைத்த கம்பளிச் சட்டைகளெல்லாம் பாலின் மகிமையாகக் கணக்கேறின! போதாக்குறைக்கு, எந்த ஒரு பள்ளியிலும் இரண்டு வகைப் பாலும் வழங்கப்படவில்லை. பச்சைப்பால் பள்ளிகள் வேறு, காய்ச்சிய பால் பள்ளிகள் வேறு. ஆகவே பாலுக்கும் பாலுக்கும் நடந்ததாக எண்ணிய போட்டி, உண்மையில் ஊருக்கும் ஊருக்கும் நடந்த போட்டியாய் முடிந்தது.

இவ்வளவையும் 1931இல் எடுத்துக் காட்டியவர், ‘மாணாக்கன்’ என்று பொருள்படும் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த வில்லியம் கோசெட். அவர் கல்லூரி ஆசிரியரல்லர்; டப்ளின் நகரத்தில் கின்னஸ் என்னும் பெயர்பெற்ற பீர் வடிசாலையில் வேலை பார்த்தவர். வாற்கோதுமையின் தரத்தைச் சோதிக்கும் உத்தியோகத்தில், நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லவேண்டிய நெருக்கடி அவருக்கு நாள்தோறும் உண்டு. அந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான், இன்று வேளாண்மைக் கல்லூரி முதல் மருத்துவக் கல்லூரி வரை எல்லா மாணாக்கரும் மனப்பாடம் செய்யும் ‘டி’ சோதனை. வடிசாலை முதலாளிகள் தம் ஊழியர் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிடுவதை விரும்பாததால், 1908இல் அதை வெளியிட்டபோதே புனைபெயருக்குள் புகுந்துகொண்டார். லானார்க்‌ஷயர் பிள்ளைகளின் கணக்கை வரிவரியாகப் பிரித்துப் போட்ட அவர், இறுதியில் ஒரு யோசனை சொன்னார்: 20,000 பிள்ளைகள் வேண்டாம், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் 50 ஜோடி போதும். ஒவ்வொரு ஜோடியிலும் யாருக்குப் பால் என்று காசைச் சுண்டிப் பார்த்துத் தீர்மானியுங்கள். செலவழித்த பணத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கிலேயே இதைவிட நம்பகமான விடை கிடைக்கும் என்றார். எண்ணிக்கை மிகுந்தால் உண்மை தானே வெளிப்படும் என்று நம்புவோர் நம்மிடையே இன்றும் பலர். சாய்ந்த தராசில் இருபதினாயிரம் தடவை நிறுத்தாலும் அதே பிழைதான் இருபதினாயிரம் தடவை வரும் என்பதைக் கோசெட்டின் பீர் அனுபவம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

ஒப்புமை என்பது இவ்வளவு இடர் நிறைந்தது என்று அறியாமலே மனிதர் நெடுங்காலம் ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள். 1747ஆம் ஆண்டு மே மாதம், சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், பல் ஈறு அழுகி முழங்கால் தளர்ந்து கிடந்த 12 ஸ்கர்வி நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்குக் கந்தகத் திராவகம் கலந்த மருந்து, ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் வேறு சிலவும் அரைத்த லேகியம், ஒரு ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் என்று கொடுத்தார். ஆறாம் நாளே கப்பலில் பழம் தீர்ந்துபோயிற்று. ஆனால் அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவன் எழுந்து வேலைக்குப் போகத் தகுதி பெற்றுவிட்டான். கூடுமானவரை ஒரேவிதமான நோயாளிகளை, ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே ஆகாரம் கொடுத்தார் என்பதே லிண்டின் பெருமை. எந்த இருவருக்குப் பழம் என்று அவர் எப்படித் தேர்ந்தார் என்பதைச் சொல்லவில்லை. பலன் கண்கூடாக இருந்தபடியால் அக்கேள்வியை எவரும் கேட்கவுமில்லை. அப்படியும் அந்தப் பலனை 1753இல் வெளிவந்த தம் பெரிய நூலின் நடுவே சில பத்திகளில் அவர் அடக்கிவிட்டதனாலோ என்னவோ, எலுமிச்சைச் சாறு கடற்படையின் சட்டமாவதற்கு 1795 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பலன் பழத்தைப்போல் பளிச்சென்று தெரியாதபோதுதான் சங்கடம் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து, ஒரு பாத்திக்கு எரு, ஒரு பாத்திக்கு இரசாயன உரம், ஒரு பாத்திக்கு ஒன்றுமில்லை என்று ஆண்டு தவறாமல் விளைச்சலைக் குறித்து வந்தார்கள். 1919இல் அங்கே வேலைக்கு வந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர், குவிந்து கிடந்த அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு, உரத்தின் பலனையும் மண்ணின் குணத்தையும் மழையின் தயவையும் எப்படிப் பிரித்தறிவது என்று யோசித்தார். நன்செய் உழுதவர் எவருக்கும் அவருடைய கஷ்டம் எளிதில் விளங்கும். ஒரே சர்வே எண்ணில் அடங்கிய வயலாக இருந்தாலும் மடைவாய்ப் பக்கம் ஒரு விளைச்சல், கடைமடைப் பக்கம் ஒரு விளைச்சல். வரப்போரத்துப் புளியமர நிழல் விழும் இடத்தில் பதர். போன வருஷம் ஆட்டுக்கிடை போட்ட மூலையில் கதிர் சாயும். இப்படிப்பட்ட வயலில் புது உரத்தை எந்தப் பாத்தியில் இடுவது என்று நாமே தேர்ந்தால், அறிந்தோ அறியாமலோ ஒரு பக்கம் சாய்வோம். ஃபிஷர் கண்ட வழி விசித்திரமானது: தேர்வை மனிதன் கையிலிருந்து பிடுங்கிக் குருட்டுச் சீட்டிடம் ஒப்படைத்துவிடுவது. சீட்டுக்கு மண்வளம் தெரியாது. ஆராய்ச்சியாளனின் ஆசையும் தெரியாது. அதனால் வளமுள்ள பாத்தி எந்தப் பக்கத்திற்கும் வரலாம். எவ்வளவு தூரம் அப்படித் தற்செயலாய் ஏற்றத்தாழ்வு நேரும் என்பதையும் கணக்கிட்டே சொல்லிவிடலாம். மனிதனுடைய பட்சபாதத்தை எந்தக் கணக்காலும் அளக்க முடியாது. சீட்டின் யதேச்சையை அளந்துவிடலாம். சீட்டின் மேன்மை இதில்தான் இருக்கிறது.

இதை விளக்க அவர் 1935இல் எழுதிய நூலில் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு கோப்பைத் தேநீர். பாலில் தேநீரை ஊற்றினார்களா, தேநீரில் பாலை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றாளாம் ஒரு சீமாட்டி. டிகாக்‌ஷனில் பாலை விடுவதா, பாலில் டிகாக்‌ஷனை விடுவதா என்று காலைப் பொழுதில் வாக்குவாதம் நடத்தும் நம் வீட்டார் இதை நையாண்டி செய்யமாட்டார்கள். எட்டுக் கோப்பை, நான்கு இப்படி, நான்கு அப்படி, எந்த வரிசையில் நீட்டுவது என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. எல்லாம் சரியாக அமைவது அவற்றுள் ஒன்றே. நாவில் ஞானமே இல்லாதவளும் குருட்டடியாக எட்டையும் சரியாகச் சொல்லிவிட 70இல் ஒரு வாய்ப்புத்தான். ஒரு ஜோடி மட்டும் பிசகி, நான்கில் மூன்றைச் சரியாய்ப் பொறுக்குவதற்கோ 16 வழிகள். அதனால், ‘பெரும்பாலும் சரியாகச் சொன்னாளே’ என்று நாம் இரங்கினால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் ஏமாந்துபோவோம். ஆகவே எவ்வளவு சரியாய்ச் சொன்னால் ஒப்புக்கொள்வது என்பதைத் தேநீர் கலப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி முடிந்தபின் அளவுகோலை நீட்டுவதும் குறுக்குவதும் இன்றைக்கும் ஓயாத வியாதி.

சீட்டின் நடுவுநிலை தமிழருக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழனுடைய காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் படிப்பவர் வியப்பது தேர்தல் நடந்தது என்பதைவிட, அது நடந்த முறையைக் கண்டுதான். ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதி, கட்டுக்கட்டாய்க் குடத்திலிட்டு, குடத்தைச் சபையோர் எல்லாரும் காண உயர்த்திப் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிப்பார்கள். எடுத்த கட்டை வேறு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து மறுபடியும் அச்சிறுவன் ஓர் ஓலை எடுக்க, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகலவிரித்த உள்ளங்கையில் வாங்குவான். விரல் விரிந்திருக்கவேண்டும் என்று எழுதிவைத்தவர் மனிதக் கையை நன்றாக அறிந்தவர். மடக்கிய விரலிடுக்கில் ஓலை மாறிவிடும் என்பதை அவருக்கு எவரோ செய்துகாட்டியிருக்க வேண்டும்! வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் இலையில் மடித்துச் சந்நிதியில் போட்டு, விவரமறியாத குழந்தையை எடுக்கச் சொல்லும் பாட்டிமாரும் அதே நுட்பத்தைத்தான் கையாளுகிறார்கள். விஞ்ஞான ஆராய்ச்சி முறையை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மார்தட்ட இதை நான் சொல்லவில்லை. அவர்கள் சீட்டை நாடியது தெய்வத்தின் திருவுளத்தை அறியவும், சபையில் கலகம் வராமல் தடுக்கவும். ஃபிஷர் நாடியதோ எது மெய்யான பலன், எது வெறும் தற்செயல் என்று அளப்பதற்காக. கருவி ஒன்று, கேள்வி வேறு.

சீட்டின் பெருமையை எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரட்டையருக்குக் காசு சுண்டச் சொன்ன அதே கோசெட், வயல் விஷயத்தில் மட்டும், பாத்திகளை அறிவோடு சமன்படுத்தி முறையாய் அடுக்குவதே மேல் என்று 1937இல் கண்மூடும்வரை ஃபிஷரோடு வாதாடினார். இருவரும் நண்பர்கள், கடிதங்களில் கிண்டலும் உண்டு. நிலத்தை நன்கறிந்தவன் கையால் அடுக்கினால் சீட்டைவிடத் துல்லியம் கிடைக்கும் என்ற கோசெட்டின் கட்சியில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அந்த ‘நன்கறிந்தவன்’ எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டானே!

தொழிற்சாலைகளிலும் இதே இடறல்தான். சிகாகோ நகரத்தை அடுத்த ஹாதார்ன் என்ற இடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில், 1924 முதல் விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் வேலையின் வேகம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். ஒளியைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்றும், தம்மை எவரோ கவனிக்கிறார் என்ற எண்ணமே தொழிலாளரை ஊக்கிற்று என்றும் ஒரு கதை பரவிப் பாடப்புத்தகங்களில் குடியேறிவிட்டது. நெடுங்காலத்துக்குப் பிறகு லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளியலார் பழைய எண்களைத் தேடியெடுத்துப் பார்த்தபோது, விளக்குகளை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றியிருந்தார்கள் என்பது வெளியாயிற்று. விடுமுறை கழித்து வரும் திங்கட்கிழமை, களைத்துப்போன சனிக்கிழமையைவிட வேகமாய்த்தான் இருக்கும்; விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கள் அப்படியே இருந்தது. மாற்றும் நாளையாவது சீட்டுப் போட்டுத் தீர்மானித்திருந்தால் அந்தக் கதை பிறந்தே இராது.

மனிதனுடைய நோய்க்கும் சாவுக்கும் முன்னால் சீட்டு எடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். மருத்துவம் படிக்க விரும்பிய அவர், முதல் உலகப்போரில் விமானப் படையில் சேர்ந்து, காசநோய் பிடித்துப் படுக்கையில் கிடந்து, அதனால் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல், தபால் மூலம் பொருளியல் படித்துப் புள்ளிவிவரக் கலைக்கு வந்து சேர்ந்தவர். 1946இல் அவர் எதிரே வந்து நின்ற பிரச்சினையும் காசநோயே. அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943இல் கண்டறிந்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து, போரில் நொடித்துப்போய் டாலருக்குத் தவித்த பிரிட்டனுக்கு மிகச் சொற்பமாகவே கிடைத்தது. எல்லாருக்கும் கொடுக்க மருந்தில்லை. யாருக்குக் கொடுப்பது என்று வைத்தியர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தால் லானார்க்‌ஷயர் கதை திரும்பவும் நடக்கும். இருக்கும் மருந்தைச் சீட்டு முறையில் கொடுத்து உண்மையை அறியும் வாய்ப்பை நழுவவிடுவதுதான் அதர்மம் என்று ஹில் வாதித்தார்.

இருபுறச் சுவாசப்பையும் விரைவாய்ப் பழுதாகிக்கொண்டிருந்த இளவயது நோயாளிகள் 107 பேர். எண்கள் இட்டு ஒட்டிய உறைகளுக்குள், தற்செயல் எண்களின்படி, ‘எஸ்’ என்றோ ‘சி’ என்றோ எழுதிய அட்டைகள் இருந்தன. நோயாளி தகுதியுடையவர் என்று முடிவாகும்வரை உறையைத் திறக்கக்கூடாது. மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றவர் 55 பேர். ஓய்வு மட்டும் பெற்றவர் 52 பேர். மருந்து பெற்றோருக்கு ஆறு மணிக்கொரு தரம் நான்கு மாதம் ஊசி. மற்றவருக்குப் பொய்யூசி குத்தி அவ்வளவு நாள் வதைப்பது தகாதென்று விட்டுவிட்டார்கள். அதற்கு ஈடாக, எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நிபுணர்களுக்கு எந்தப் படம் யாருடையது என்று தெரியாமல் மறைத்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவருள் 4 பேரும், பெறாதவருள் 14 பேரும் மாண்டனர். 1948இல் இது வெளிவந்தபோது மருத்துவ உலகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. ஆனால் அதே ஆராய்ச்சி வேறொன்றையும் காட்டிற்று: தனியாகக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசினைக் கிருமிகள் சில வாரங்களிலேயே எதிர்க்கப் பழகிவிட்டன. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராரிடையே வேற்றுமை பெரிதும் சுருங்கிவிட்டது. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தாலன்றி இந்நோய் மடியாது என்ற ஞானம் இப்படித்தான் பிறந்தது.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயிலில் போகிறவர்கள், தாம்பரத்துக்கு முந்தின நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதியிருக்கக் காண்பார்கள். 1928இல் சவுரிமுத்து என்ற வைத்தியர் அங்கே நிறுவிய காசநோய் ஆசிரமத்தின் பெயர் அது. எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் பெயர் சொல்லவே ஜனங்கள் அஞ்சிய அந்த நோய்க்கு, நல்ல காற்று, பூரண ஓய்வு, பாலும் முட்டையுமாகப் போஷாக்கான ஆகாரம், ஊரைவிட்டு விலகிய வாசம் இவையே மருந்து என்று நூறாண்டாக உலகம் நம்பியிருந்தது. ஐசோனியசிட், பாஸ் என்ற மாத்திரைகள் வந்தபிறகும் அந்நம்பிக்கை அசையவில்லை. ஆனால் நம் தேசத்துக் காசநோயாளர் கூட்டத்துக்கும் ஆசிரமப் படுக்கைகளுக்கும் விகிதமே இல்லை. சம்பாதிக்கிறவன் ஓராண்டு போய்ப் படுத்தால் பின்னால் குடும்பம் என்ன ஆவது என்பது வேறு கேள்வி. மருந்தை வீட்டில் வைத்தே கொடுத்தால் என்ன? வீட்டில் வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? கஞ்சி குடித்துக்கொண்டு குணமாக முடியுமா?

இதற்கு விடை காண 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து, சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் அதை வழிநடத்தினார். சென்னை நகரத்து ஏழைகளுள், சளியில் கிருமி தென்பட்ட 193 பேரைச் சேர்த்து, சீட்டு முறைப்படி ஒரு பாதியை ஆசிரமத்துக்கு அனுப்பினார்கள். மற்றொரு பாதியை வீட்டுக்கே அனுப்பினார்கள். மருந்து இரு பாதிக்கும் ஒன்றே, காலமும் ஓராண்டே. சீட்டு மட்டும் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க லானார்க்‌ஷயர் போய்வந்த நமக்குச் சிரமமில்லை: அதிகம் இருமுகிறவனையும் வீட்டில் கைக்குழந்தை உள்ளவளையும், இரக்கமுள்ள எந்த டாக்டரும் ஆசிரமத்துக்குத்தான் எழுதியிருப்பார்.

ஆசிரமத்தில் நல்ல சாப்பாடு, நர்சுகளின் கண்காணிப்பு, நாளெல்லாம் ஓய்வு. வீட்டில் ஓட்டு வீடோ குடிசையோ, ஓர் அறையில் எல்லோரும் படுக்கை, இரண்டாம் வேளைக்கு அரிசி இருந்தால் உண்டு. ஆசிரமத்தார் வீட்டாரைவிட உடல் பெருத்தார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் ஓராண்டு முடிவில் சளியைச் சோதித்தபோது நோய் அடங்கியிருந்தவர் வீட்டில் நூற்றுக்கு 86, ஆசிரமத்தில் நூற்றுக்கு 92. முடிவுக் கணக்கில் சேர்த்துக்கொண்ட, பக்கத்துக்குச் சுமார் 80 பேரைக் கொண்ட ஒப்புமையில் அந்த ஆறு என்பது ஐந்து ஆள். தேநீர்க் கோப்பைக் கணக்கை நினைவிற் கொண்டவர்கள், அவ்வளவு ஏற்றத்தாழ்வு குருட்டுச் சீட்டின் போக்கிலேயே வரக்கூடியது என்பதை உடனே காண்பார்கள். குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தும், நோயாளி வீட்டிலிருந்த குடும்பங்களில் தொற்று மிகுந்ததாகக் காணவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே தொற்றிவிடுகிறது, மருந்து இறங்கியபின் கிருமி விரைவில் வலுவிழக்கிறது. ஓராண்டு முடிவுகளின் அறிக்கை 1959இல் வெளிவந்தது. 1962இல் இந்திய அரசாங்கம் தேசியக் காசநோய்த் திட்டத்தை வகுத்தபோது வீட்டுச் சிகிச்சையையே அதன் அடிப்படையாகக் கொண்டது. மேனாடுகளிலும் காசநோய் ஆசிரமங்கள் ஒவ்வொன்றாய் வேறு காரியத்துக்கு மாறின.

ஆனால் சேத்துப்பட்டாருக்கு ஒரு கவலை தீரவில்லை. பாஸ் மாத்திரை வயிற்றைப் புரட்டுவது. ஒரு மாதம் தின்று இருமல் நின்றவுடன் அதைத் தூக்கி எறியத்தான் எவனுக்கும் தோன்றும். நிலையத்து ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் நோயாளி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், மாத்திரைகளை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்கி, அதில் மருந்து கலந்திருக்கிறதா என்று நிறமாற்றத்தால் சோதிப்பார்கள். மாத்திரை எண்ணிக்கை சரியாயிருந்தும் நிறம் மாறாத சிறுநீர் அகப்பட்டதுண்டு. எந்த நோயாளி எந்தப் பக்கம் என்று சீட்டு சொல்லிவிடும். மாத்திரை வாய்க்குள் போயிற்றா, சாக்கடைக்குள் போயிற்றா என்று அது சொல்லாது. அதனால் பின்னர் நடந்த ஓர் ஆராய்ச்சியில், மறுபடியும் சீட்டுப் போட்டு, ஒரு பாதியினரை நாள்தோறும் தாமே விழுங்கச் சொல்லி அனுப்பிவிட்டு, மற்றப் பாதியினரை வாரத்துக்கு இரண்டே முறை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைப் போட்டு, ஐசோனியசிட் மாத்திரைகளையும் கையில் கொடுத்து, தொண்டையில் இறங்கும்வரை எதிரே நின்று பார்த்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போனவர்கள், தினமும் விழுங்கியதாகச் சொன்னவர்களுக்கு எவ்வகையிலும் குறையாமல் குணமடைந்தார்கள்.